எச்.சி. லென்ஸும் சாயத் தொட்டியும்

"இந்தக் கண்ணாடியிலேயே லேசா கலர் ஏத்திக் குடுத்துருங்களேன்" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வந்து கேட்கிறார்கள். சித்திரை, வைகாசியில் இன்னும் அதிகம். காரைக்குடி வெயிலைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பவரோடு புதுசாகக் கூலிங் கிளாஸ் செய்தால் செலவு. கையில் இருப்பதோ நல்ல கண்ணாடி, போன வருஷம்தான் வாங்கியது, கீறல் விழாத ஃபைபர் என்று சொல்லிக் கொடுத்தது. அதையே சாயத்தில் முக்கி எடுத்தால் என்ன என்பது நியாயமான கேள்விதான். நானும் ரொம்ப வருஷம் "ஏத்திடலாம், நாளைக்கு வாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது லென்ஸைக் கையில் வாங்கி ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்க்காமல் எந்தப் பதிலும் சொல்வதில்லை. இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு ஜோடி லென்ஸ்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள். எழுபதைத் தாண்டிய வயது. மதுரையில் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பேரன் அங்கேயே ப்ரோகிரஸிவ் லென்ஸ், அதாவது தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரிகிற வகை போட்டு, நல்ல ஃபிரேமோடு அனுப்பியிருந்தான். பார்வையில் குறை ஒன்றும் இல்லை. "கண்ணு நல்லாத் தெரியுதுப்பா. ஆனா பத்து மணிக்கு மேல வளவுல உக்கார முடியல. சுவத்தப் பாத்தாலே கூசுது" என்றார்கள். அந்தச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி வளவு என்கிற தாழ்வாரம், முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி இழைத்த வெள்ளைச் சுவர், கீழே வழவழவென்று தரை. முற்றத்தில் இறங்குகிற வெயில் நாலு பக்கமும் பட்டுத் திரும்பி வரும். புரை முற்றிய கண்ணில் பழுத்துப்போன பழைய லென்ஸ் இத்தனை நாளாக ஒரு மங்கலான திரை மாதிரி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. அது போய்ச் செயற்கை லென்ஸ் வந்ததும் எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரியும், கொஞ்ச நாள் கூசவும் செய்யும். ஆச்சிக்கு அது ஆறு மாதம் கழித்தும் போகவில்லை, டாக்டரிடம் காட்டியதில் கண்ணில் வேறு கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லேசான பழுப்பு நிறம் போதும் என்று முடிவு செய்தோம். முடிவு சரிதான், லென்ஸைத்தான் நான் சரியாகப் பார்க்கவில்லை.

லென்ஸில் பச்சைப் பளபளப்பு எதுவும் இல்லை. எச்.எம்.சி., அதாவது எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் ட்யூப்லைட்டின் பிம்பம் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும். இதில் வெள்ளையாகத் தெரிந்தது. சரி, சாதா லென்ஸ்தான் என்று நானே முடிவு கட்டினேன். வெறும் ஹார்டு கோட், அதாவது எச்.சி., கண்ணுக்கு அப்படித் தெரியாது. அது நிறமில்லாத, சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு கெட்டியான படலம். லென்ஸ் வந்த கவரில் எழுதியிருப்பார்கள். அந்தக் கவரை நான் கேட்கவில்லை, ஆச்சியும் கொண்டு வரவில்லை.

என்னிடம் இருப்பது நாலு எவர்சில்வர் தொட்டி உள்ள சின்ன மெஷின். வெளித்தொட்டியில் சூடு தாங்கும் எண்ணெய் மாதிரி ஒரு திரவம், அது உள்தொட்டிகளைச் சீராகச் சூடாக்கும். பழுப்புச் சாயத்தை 95 டிகிரிக்குக் கொண்டு வந்து, லென்ஸ் இரண்டையும் ஸ்பிரிங் பிடியில் மாட்டி இறக்கினேன். பூச்சு இல்லாத சாதாரண சி.ஆர்.39 பிளாஸ்டிக் லென்ஸ் இந்தச் சூட்டில் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். 5 நிமிடம் கழித்து எடுத்து வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே ஏறவில்லை. 10 நிமிடம், அப்போதும் இல்லை. சாயம் பழசாகிவிட்டது போல என்று நினைத்துக் கொஞ்சம் புதுச் சாயம் ஊற்றினேன். 20 நிமிடத்தில் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு மாதிரி இருட்டியது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஓரம் என்பது ஃபிரேமுக்காக வெட்டிய இடம், அங்கே பூச்சு கிடையாது, அதனால் சாயம் அந்த வழியாக மட்டும் உள்ளே போகிறது. லென்ஸே அப்படிக் காட்டிக்கொடுத்தும் எனக்கு அப்போது விளங்கவில்லை. சூட்டைக் கூட்டினேன், சாயம் கொதித்துக் குமிழி விட ஆரம்பித்தது. 40 நிமிடம் கழித்து எடுத்தபோது ஒரு லென்ஸில் மூக்குப் பக்கம் திட்டாகப் பழுப்பு, மற்றபடி வெறுமை. கழுவிவிட்டுப் பார்ப்போம் என்று அப்படியே கொதிக்கிற சூட்டோடு பைப் தண்ணீரில் காட்டினேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், வற்றிய ஊருணியின் தரை மாதிரி மேலெல்லாம் பொடிப்பொடி வெடிப்பு. லென்ஸ் உடையவில்லை, மேல் படலம்தான் பொரிந்து போயிருந்தது. பிளாஸ்டிக் சூட்டில் விரிகிற அளவு வேறு, அந்தக் கெட்டிப் படலம் விரிகிற அளவு வேறு. சூடாக இருக்கும்போது கூடவே இழுபட்டு நிற்கும், திடீரென்று குளிர்ந்தால் தாங்காது. துடைத்தால் போகாது, மெருகேற்றினாலும் போகாது. அந்த ஜோடி அத்தோடு முடிந்தது.

ஆச்சிக்கு போன் பண்ணி நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒடஞ்சா ஒடஞ்சு போகுது, கண்ணு இருக்குல்ல. ஆனா பேரன்கிட்ட நான் என்னப்பா சொல்லுவேன்?" என்றார்கள். அதே தரத்தில் புது லென்ஸ் என் செலவில் போட்டுத் தருகிறேன் என்றேன். சொன்னபடி செய்தேன், ஆனால் அந்தக் கேள்வி பல நாள் மனதில் இருந்தது.

லென்ஸ் அரைத்துக் கொடுக்கும் மதுரை லேப்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் முறையில் பழக்கம். அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கவர்ல என்னப்பா போட்டிருந்துச்சு?" நான் பார்க்கவில்லை என்றேன். "நகத்த உள்ள விடாத பூச்சு, சாயத்த மட்டும் எப்படிப்பா உள்ள விடும்?" என்றார். இத்தனை வருஷம் தொழில் செய்தும் இந்த ஒரு வரி எனக்குப் பிடிபடாமல் இருந்திருக்கிறது.

சாயம் லென்ஸுக்குள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்கள் உண்டு. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல்தான் சிமென்ட்டும் மணலும் போடுவார்கள். திருப்பி எடுத்தால் வண்ணம் மேல் அடுக்கில் மட்டும், கீழே சாதாரண சிமென்ட். லென்ஸிலும் நிறம் மேல் தோலில் மட்டும்தான் இருக்கும், உள்ளே நடுவில் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் கல்லில் வண்ணத்தை முதலில் வைக்கிறார்கள், லென்ஸிலோ அது வெளியிலிருந்து உள்ளே புக வேண்டும். சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் நெகிழும், அந்த இடுக்கில் சாயத் துகள் நுழையும், ஆறியதும் மாட்டிக்கொள்ளும். இது டிஸ்பெர்ஸ் வகைச் சாயம், பாலியஸ்டர் துணிக்குப் போடுகிற அதே இனம். கண்டாங்கிச் சேலைக்கான பருத்தி நூலில் ஏறுகிற சாயத்தை லென்ஸில் போட்டால் கழுவியவுடன் போய்விடும். இந்த மேல் தோலை ஒரு கெட்டிப் படலம் மூடியிருந்தால் சாயம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். படலம் இறுக இறுக கீறல் விழுவது குறையும், சாயம் போவதும் குறையும். சாயத்தை விடுகிற மாதிரியே தயாரித்த ஹார்டு கோட்டுகளும் இருக்கின்றன, டின்டபிள் என்று கேட்டால் லேபில் சொல்வார்கள். அவை கொஞ்சம் மென்மையானவை. இரண்டு குணமும் முழுசாக ஒரே பூச்சில் கிடைக்காது, இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது நான் பார்க்கிற வரிசை இது. முதலில் கவர். யூ.சி. என்றால் பூச்சு இல்லை, கவலையில்லாமல் முக்கலாம். எச்.சி. என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டும். எச்.எம்.சி. என்றால் தொடவே கூடாது, அந்தப் பூச்சு வெந்நீரில் வெடித்து உரியும். நிறம் வேண்டுமானால் முதலில் நிறம், அதன் மேல் ஹார்டு கோட், கடைசியில் எச்.எம்.சி. என்ற வரிசையில் லேபிலேயே செய்து வர வேண்டும். அப்புறம், லென்ஸ் எந்தப் பொருள் என்பது. சி.ஆர்.39 போலச் சாயம் வாங்குகிற பொருள் குறைவு. 1940-இல் அமெரிக்காவில் கொலம்பியா ரெசின் என்ற பெயரில் வந்த கலவைகளில் 39-ஆவது அது, பெயரில் உள்ள எண்ணும் அதுதான். நிஜக் கண்ணாடி லென்ஸில் பாதி எடை, இன்று வரை கண்ணாடிக் கடைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒளிவிலகல் எண் 1.56, 1.60 என்று கூடி லென்ஸ் மெலிதாகப் போகப் போகச் சாயம் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஏறும், சிலது திட்டாகும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் தன் உடம்பில் சாயமே வாங்காது. அது மென்மையானது என்பதால் எப்போதும் பூச்சோடுதான் வரும், அந்தப் பூச்சு சாயம் பிடிக்கிற வகையாக இருந்தால் பூச்சில் மட்டும் லேசாக நிறம் நிற்கும். எத்தனை நேரம் போட்டாலும் அடர் கூலிங் கிளாஸ் ஆகாது. இன்னொன்று, லென்ஸ் மேல் உள்ள அச்சுக் குறியை அழிக்க அசிட்டோன் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் பாலிகார்பனேட்டில் அதைத் தொட வேண்டாம், ஓரமெல்லாம் வெளுத்து வெடித்துவிடும்.

கவர் இல்லை, பொருளும் தெரியவில்லை, ஆனால் லென்ஸ் இன்னும் வெட்டாத வட்டமாக இருக்கிறது என்றால் ஒரு நல்ல வழி உண்டு. 65, 70 மில்லிமீட்டர் வட்டத்தில் ஃபிரேமுக்குள் போவது 50 சொச்சம்தான், சுற்றியுள்ளது எப்படியும் வெட்டுப்பட்டுப் போகிற பகுதி. அந்த ஓரத்தை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சாயத்தில் இறக்கி 2 நிமிடம் பிடித்தால் போதும். நிறம் ஏறினால் முழுசாக முக்கலாம். ஏறவில்லை என்றால் துடைத்து அப்படியே கவரில் போட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஃபிரேமுக்கு வெட்டி மாட்டிய லென்ஸில் இந்தச் சோதனைக்கு இடம் இல்லை. அதனால் கவர் இல்லாமல் வரும் பழைய லென்ஸ் எதையும் நான் இப்போது முக்குவதில்லை, எத்தனை கெஞ்சிக் கேட்டாலும்.

பவருக்கு அரைத்து வரும் லென்ஸில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, இதை அந்த அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். பாதி முடித்த நிலையில் லென்ஸ் லேபுக்கு வரும்போது பலவற்றில் முன்பக்கம் ஃபேக்டரியிலேயே ஹார்டு கோட் போட்டிருக்கும். பின்பக்கத்தைத்தான் லேபில் நம் பவருக்கு அரைப்பார்கள். அரைத்த பக்கம் அப்போது வெறுமையாக இருக்கும், நிறத்தை அந்தப் பக்கம் வழியாக ஏற்றிவிட்டு அப்புறம் பூச்சு போடலாம். ஒரு பக்கம் மட்டும்தான் வாங்கும் என்பதால் நேரம் கூடுதலாகும், ரொம்ப அடர்த்தி கிடைக்காது, ஆனால் வீட்டுக்குள்ளும் போடுகிற லேசான நிறத்துக்கு இது நன்றாகவே வருகிறது. பூச்சைச் சூட்டில் இறுக்கும்போது நிறம் சற்று மாறவும் செய்யும், லேபில் அதற்குத் தகுந்த மாதிரி வைப்பார்கள்.

கழுவுவது சின்ன வேலையாகத் தோன்றும், பாதி வெற்றி அதில்தான். கைரேகை, மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எது இருந்தாலும் சாயம் அந்த இடத்தை விட்டுவிட்டு ஏறும். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அதற்கப்புறம் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் மாட்டுவேன். சாயம் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எங்கள் ஊர் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அவ்வளவு ருசி, ஆனாலும் எந்த நிலத்தடி நீரிலும் உப்பு கொஞ்சம் இருக்கும், சாயத்துக்கு அது ஆகாது. சூடு 90-லிருந்து 95-க்குள், கொதிக்க விடக் கூடாது. குமிழி நின்ற இடம் புள்ளியாகிவிடும். சாயம் அடியில் படியும், அதனால் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் காட்டுவதே இல்லை. பக்கத்தில் ஒரு போணியில் வெந்நீர் வைத்திருப்பேன், அதில் முக்கி, அப்புறம் வெதுவெதுப்பான நீரில், கடைசியில் சாதாத் தண்ணீரில். மூன்று பாத்திரம், கூடுதலாக ஒரு நிமிடம், அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் அன்றைக்குச் செலவழித்திருந்தால் ஆச்சியின் லென்ஸில் நிறம் ஏறாவிட்டாலும் வெடிப்பாவது விழுந்திருக்காது.

நிறம் தப்பாகிவிட்டால் நியூட்ரலைசர் என்ற திரவத்தில் சூடாகப் போட்டு இறக்கலாம். முழுசாக வெளுக்காது, பூச்சுள்ள லென்ஸில் அதுவும் ஒரு பாரம்தான். குறைவாக ஏற்றிப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போவதுதான் எப்போதும் நல்லது.

ஜோடி விஷயத்தில் ஒரு தடவை சிரமப்பட்டேன். ஒருவருக்கு வலது லென்ஸ் மட்டும் உடைந்து போய், வேறு கம்பெனி லென்ஸ் புதுசாகப் போட்டு இரண்டையும் சேர்த்து முக்கினேன். பவர் ஒன்று, பார்க்க ஒரே மாதிரி, ஆனால் ஒன்று அடர்ந்தும் மற்றது செம்மை ஓடியும் வந்தது. தனித்தனியாக எத்தனை முறை எடுத்துப் போட்டும் முழுசாக ஒத்துவரவில்லை. போட்டுக்கொண்டால் போட்டவருக்கு அவ்வளவாகத் தெரியாது, எதிரே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு லென்ஸும் ஒரே கம்பெனி, ஒரே வகை, முடிந்தால் ஒரே சமயத்தில் வந்தவை. இதில் நான் இனி இறங்கி வருவதில்லை.

எந்த நிறம் என்பதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஒரு அண்ணனுக்குப் பழுப்புப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "பித்தளையும் செம்பும் ஒரே மாதிரி தெரியுது தம்பி, பொழப்பு என்னாவுறது?" பழுப்பு, வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிறங்களையும் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்க்கும், வெயிலில் நடப்பவருக்கு அது இதமாக இருக்கும், பொருள்கள் எடுப்பாகவும் தெரியும். நிறம் பார்த்து வேலை செய்கிறவருக்குச் சாம்பல்தான் சரி, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நெசவு, நகை, துணி வியாபாரம் என்று யார் வந்தாலும் இப்போது தொழிலைக் கேட்டுவிட்டுத்தான் தொட்டியைத் திறக்கிறேன்.

அடர்த்தியில் ஒரு எச்சரிக்கை உண்டு, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 100 பங்கு வெளிச்சத்தில் 75-க்குக் குறைவாக உள்ளே விடும் லென்ஸைப் போட்டுக்கொண்டு இரவில் வண்டி ஓட்டக் கூடாது, அந்த அளவு சர்வதேசத் தரத்திலேயே இருக்கிறது. லாரி ஓட்டும் தம்பிகள் எதிர் லைட்டுக்கு மஞ்சள் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். மஞ்சளும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும், இருட்டில் ரோட்டோரம் நடந்து போகிறவர் இன்னும் மங்கலாகத் தெரிவார். நான் போட்டுக் கொடுப்பதில்லை. பகலுக்கு அடர் நிறம் கேட்பவர்களுக்கு யூ.வி. திரவத்திலும் சேர்த்து முக்கியே கொடுக்கிறேன். கண்ணுக்கு இருட்டாகக் காட்டிக் கண்பாப்பாவை விரிய வைத்துவிட்டு புற ஊதாக் கதிரை உள்ளே விடுகிற லென்ஸ், நிறமில்லாத லென்ஸை விட மோசம். சி.ஆர்.39 தானாகவே ஒரு பகுதியைத் தடுக்கும், 400 நானோமீட்டர் வரைக்கும் முழுசாகத் தடுக்க அந்த முக்கல் தேவை.

ஆச்சிக்கு இரண்டாவது ஜோடி வர 8 நாள் ஆனது. 25 சதவீதம் பழுப்பு முதலில், அதன் மேல் ஹார்டு கோட், எல்லாம் லேபிலேயே. நானே பஸ் பிடித்துக் கானாடுகாத்தான் போய்க் கொடுத்தேன். பதினொரு மணி இருக்கும், முற்றத்தில் நல்ல வெயில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆச்சி தூணோரம் நின்று எதிர்ச் சுவரையே பார்த்தார்கள். அப்புறம் கீழே தரையில் ஒரு பூக்கல்லைக் காலால் தொட்டுக் காட்டி, "இந்தப் பச்ச கொஞ்சம் மாறித் தெரியுது, பரவால்ல. செவுரு கூசலப்பா" என்றார்கள். முறுக்கும் காப்பியும் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த வருஷம் மாசி கடைசியில் மறுபடி கடைக்கு வந்தார்கள். ஃபிரேம் மூக்குப் பக்கம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். திருகை இறுக்கிக் கொடுத்தேன். கூட ஒரு சொந்தக்காரப் பெண், அவருடைய புதுக் கண்ணாடிக்கும் நிறம் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆச்சி சுருக்குப் பையைப் பிரித்து, நாலாக மடித்த இரண்டு லென்ஸ் கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார்கள். "கவர எங்கன்னு நீதான கேப்ப, அதான் குப்பையில போட வேணாமுன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

பிரித்துப் பார்த்தேன். 1.56, எச்.எம்.சி. என்று போட்டிருந்தது.